சுண்ணாம்புக்குள் இருந்த தேதி

கல்லறை எழுத்து வாசிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் குடும்பத்தில் ஆள் கிடையாது. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு பிரான்சிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு வம்ச வரலாறு தேடும் ஆசை பிடித்துக்கொண்டது. ஈமெயிலில் கேள்வி வரும்; கேமராவும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பழைய கற்களெல்லாம் பிரெஞ்சில்தான்; பலவற்றில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் முதலில் இருக்கும், புருஷன் பெயர் பிறகு. ஒரே கல்லில் இரண்டு குடும்பம் கிடைத்துவிடும். பக்கத்துக் கல்லையும் விடாமல் படிக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் அருகருகே கிடப்பார்கள்.

எனக்குத் தண்ணி காட்டியது ஒரே ஒரு கல்தான். தாத்தாவின் முதல் மனைவியுடையது, அதாவது என் அத்தையைப் பெற்றவள். அத்தை பிறந்த அன்றே அவள் செத்துப்போனாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தாத்தா சைகோனில் உத்தியோகம் பார்த்தவர், லீவுக்கு வந்துபோகும் விருந்தாளி. அவருக்கு இரண்டாந்தாரமாக வந்தவள் என் அப்பாவைப் பெற்றவள். சின்னச் சண்டைக்கெல்லாம் அத்தையைப் பார்த்து "தாய முழுங்கினவ" என்பாளாம். எழுபது வயதாகியும் அத்தை தன் பிறந்தநாளுக்கு நல்ல புடவை கட்டியதில்லை. அன்று பூசைக்குப் போய்விட்டுப் பட்டினி கிடப்பாள்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். மற்றவர்கள் ஆள் வைத்து அடிப்பார்கள். அத்தை தன் கையாலேயே அடிப்பாள், அதுவும் இரண்டு பூச்சு. ஐம்பது வருஷப் பாசத்தில் எழுத்தெல்லாம் அடைத்து, கல் இட்லி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

அதைப் படிக்க நான் உட்கார்ந்ததுமே அத்தை, "சொரண்டாதடா, அம்மாவுக்கு வலிக்கும்" என்றாள்.

சுரண்டுவது என் வழக்கமும் இல்லை. கத்தி பட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் எழுத்தில் நிழல் பிடிக்கும் என்பதால் தினமும் ஏழு மணிக்கே போனோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். மூன்றாம் நாள் இறந்த தேதி தெரிந்தது. வழக்கம்போல் பிரெஞ்சிலேயே உரக்கப் படித்தேன்.

அத்தைக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புருஷனின் பென்ஷனுக்காக வருஷா வருஷம் தன் பிறந்த தேதியை பிரெஞ்சில் ஒப்பித்தவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஜெபமாலை நின்றுவிட்டது.

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"அது நான் பொறந்த வருஷம் இல்லியே. ரெண்டு வருஷம் தள்ளி வருது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடியில் இன்னொரு வரி இருந்தது. அதையும் பெயர்த்துப் பார்த்தேன். ஒரே நாள் உயிரோடிருந்த ஆண் குழந்தையும் அவளோடு புதைக்கப்பட்டிருந்தது. பிரசவத்தில் செத்தது நிஜம்தான். அது அடுத்த பிரசவம். பிறகு வீட்டுக்கு வந்தவள் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, உயிரோடிருந்த ஒரே பிள்ளையின் தலையில் பழியைக் கட்டிவிட்டாள். எனக்குக் கோபம் பொங்கியது. அவள் பேரன் நான் என்பதில் வெட்கமாகவும் இருந்தது.

அத்தை அழவில்லை. "கோயில் பொஸ்தகத்துலயும் பாத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

கல்லில் வெட்டுகிறவனும் தப்பு விடுவான், அவள் கேட்டது சரிதான். மறுநாள் கோயிலில் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். அதே தேதி, அதே குழந்தை. நேராக உழவர்கரையில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள்.

"ரெண்டு வருஷம்னா நான் நடந்திருப்பேன் இல்ல?"

"ஓடியிருப்ப அத்தை."

"அம்மான்னு கூப்ட்டும் இருப்பேன்" என்றாள்.