மகளுக்காகப் பூட்டிய கழிப்பறை

அத்தை வீட்டுக் கழிப்பறையின் சாவி, முன்னறையில் மாதா படத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் பூட்டு எதற்கு என்று வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. எங்கள் வட்டாரத்து வீடுகளில் நல்ல சாமான் எதுவானாலும் பூட்டித்தான் இருக்கும்.

அளவெடுத்து, இடம் குறித்து, கொத்தனார் பக்கத்திலேயே நின்று அதைக் கட்டவைத்தது நான். சிவில் படித்துவிட்டு ஊரகத் துப்புரவு இயக்கத்தில், ஒன்றிய அளவில், ஒப்பந்த வேலையில் இருந்தேன். நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டுவது வேலையின் ஒரு பாதி. கட்டியதை ஜனங்கள் புழங்கும்படி செய்வது மறு பாதி. முதல் பாதிக்கு மண், செங்கல், குழாயின் சரிவு என்று கல்லூரியில் பாடம் இருந்தது. மறு பாதிக்காகக் கொடுத்த பயிற்சியில் ஒரு தொப்பியும் ஒரு விசிலும் கிடைத்தன.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஆத்தங்குடிக்குப் போகும் வழியில், கண்மாயை ஒட்டிய ஊரில் இருந்தாள். மாமா இறந்த பிறகு தனியாள். ஒரே மகளை, நான் மதினி என்று கூப்பிடுகிறவளை, திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தது. வீட்டில் கழிப்பறை கட்டச்சொல்லி நான் கேட்டபோதெல்லாம் அத்தை சிரித்துத் தட்டிவிட்டாள். மதினி உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்ததும் அத்தையே போன் செய்தாள்.

"தலைப்பிள்ளைக்கு இங்குட்டுத்தானத்தா வரணும். அங்க வீட்டுக்குள்ளயே இருக்குதாம். வயித்தைத் தூக்கிக்கிட்டுக் கம்மாக்கரைக்கா போவா?"

பின்கட்டில் வேப்பமரத்தை விட்டுத் தள்ளி இரண்டு குழி எடுத்தோம். செங்கல்லை இடைவெளி விட்டு வட்டமாக அடுக்கினால் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒன்று நிறையப் பல வருஷமாகும். நிறைந்தால் அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும், அதற்குள் முதல் குழியில் இருப்பது மக்கி, வாடையில்லாத மண்ணாகிவிடும். எங்கள் செம்மண் இதற்குத் தோதான மண். இதையெல்லாம் அத்தையிடம் வரிசையாகச் சொன்னேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். அவளும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வேலை முடிந்த அன்று புது வாளி, புது மக்கு, உறை பிரிக்காத சோப்பு மூன்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

எங்கள் ஊர்களில் பெண் பிறந்ததிலிருந்தே அவளுக்கென்று எடுத்துவைக்கத் தொடங்குவார்கள். குடம், அண்டா, தூக்குச்சட்டி, தாம்பாளம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அம்மாக்காரி நசுங்கிய குடத்தில் தண்ணீர் எடுப்பாள், புதுக்குடம் காகிதம் சுற்றிப் பரணில் இருக்கும். மதினிக்கு வாங்கியதில் பாதி, திருப்பூர் வாடகை வீட்டில் இடமில்லை என்று இன்னும் அத்தையின் பரணிலேயே இருந்தது. கழிப்பறையையும் அத்தை அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது, அந்த ஊரில் நாங்கள் வரைபடக் கூட்டம் போட்ட நாளில்.

வரைபடக் கூட்டம் என்பது எங்கள் வேலை முறைகளில் ஒன்று. பொதுவிடத்தில் ஜனங்களை உட்காரவைத்து, கோலப்பொடியால் தரையில் ஊரை வரையச்சொல்வோம். கோயில், கண்மாய், தெரு, அவரவர் வீடு. பிறகு மஞ்சள் பொடியைக் கொடுத்து, நீங்கள் வெளிக்குப் போகிற இடத்தில் தூவுங்கள் என்போம். முதலில் யாரும் கை நீட்ட மாட்டார்கள். ஒருத்தர் தொடங்கினால் பிறகு சிரிப்புத்தான்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் போதாதுத்தா, கிலோக் கணக்குல குடு" என்றாள் அத்தையின் பக்கத்து வீட்டுக்காரி. அத்தைக்குச் சோடிக்காரி அவள். கண்மாய்க்கரைக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள்.

அத்தையின் முறை வந்தது. எழுந்து வந்து, தன் வீட்டைத் தாண்டி, கண்மாய்க்கரையின் கருவேல மறைவில் ஒரு சிட்டிகை தூவிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"பாத்தீகளா சங்கதிய? ஆபீசரம்மா சொந்தக்கையால கக்கூஸு கட்டிக்குடுத்திருக்கு. ஆபீசரம்மாவோட அத்தை என்கூடத்தான் வாராக" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கூட்டமே சிரித்தது. அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "ஏன் அத்தை, சாவி உங்க கையிலதான இருக்கு?"

"நான் இப்பருந்தே போனா, அவ வாரப்ப ரொம்பிப் போயிரும்."

"ரொம்பாது அத்தை. ஒரு வீடு நெறைய ஆளு போனாலும் வருஷக்கணக்கா ஆகும்."

"சரித்தா. ரொம்புனா யாரு அள்ளுறது? காசு குடுத்து ஒரு மனுசனை அதுக்குள்ள எறக்கவா? அந்தப் பாவம் வேணாம். புள்ள பெத்துப் போகட்டும், பெறகு பாப்போம்."

பக்கத்து ஒன்றியத்தில், முதல் குழி நிறைந்து மக்கிய பிறகு திறந்துகாட்டும் வீடு ஒன்று இருந்தது. உள்ளே இருப்பதைக் கையில் அள்ளினால் தேயிலைத் தூள் போல உதிரும். அங்கே கூட்டிப்போகிறேன் என்றேன். "பேறுகாலம் முடியட்டும்" என்றாள். அவளுடைய எல்லா வேலைகளும் அப்போது அந்தப் பேறுகாலத்துக்கு அந்தப்பக்கம் நின்றன.

அதற்குப் பிறகு எங்கள் இயக்கத்தின் விசில் குழு வந்தது. விடியும் முன் கண்மாய்க்கரையில் நின்று, ஒதுங்க வருகிறவர்களைப் பார்த்தால் ஊதுவார்கள். வெட்கப்பட்டுத் திரும்பிப்போய்ச் சொந்தமாகக் கட்டிக்கொள்வார்கள் என்பது திட்டம். சில ஊர்களில் அப்படி நடக்கவும் செய்தது. அத்தை திரும்பிப்போய் என்ன செய்தாள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரிதான் பின்னால் சொன்னாள். காலையில் போவதை விட்டுவிட்டாள். இருட்டின பிறகு ஒரு தடவை. அதற்குத் தோதாக, மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்.

உதடு வெடித்திருப்பதைப் பார்த்து நானும் ஒருமுறை கேட்டேன். "ஏன் அத்தை, தண்ணி குடிக்கிறீகளா இல்லையா?"

"வெயிலுத்தா" என்றாள்.

மதினி வரவில்லை. நச்சுக்கொடி இறங்கியிருக்கிறது, பயணம் கூடாது என்று அங்கேயே டாக்டர் சொல்லிவிட்டார். அத்தைதான் திருப்பூருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். பேத்தி பிறந்திருந்தாள். வந்ததும் சாவியைக் கொடுக்கச்சொல்லி நான் கையை நீட்டினேன்.

"கிறிஸ்மசுக்குப் புள்ளையத் தூக்கிட்டு வாரேன்னிருக்கா" என்று சிரித்தாள். திருப்பூர் வீட்டில் குழந்தையின் துணி காய்வதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அங்கே கழிப்பறை எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. நெனச்ச நேரத்துக்குப் போகலாம்" என்றாள். அந்த ஒரு மாதத்தில் அவள் முகம் தெளிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே காய்ச்சல் வந்தது. இடுப்பு வலி, குளிர், நீர்க்கடுப்பு. கசாயம் வைத்துக் குடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் போன் செய்தபோது அத்தைக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. காரைக்குடியில் பார்த்துவிட்டுச் சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீரை அடக்கி அடக்கிக் கிருமி ஏறி, சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது, சர்க்கரை வேறு என்றார் டாக்டர். இது புதிதாக வந்ததில்லை, வெகு நாளாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். கட்டிலின் கம்பியில் சிறுநீர்ப் பை தொங்கியது. அதில் இறங்கியது மிகக் கொஞ்சம். நர்ஸ் வந்து பார்க்கும்போதெல்லாம் நானும் அதைத்தான் பார்த்தேன்.

நினைவு தெளிந்த ஒரு வேளையில் அத்தை என் கையைத் தொட்டாள்.

"சாவி அங்கேயே இருக்குத்தா. அவ வந்தா எடுத்துக்குடு. கதவு இறுகியிருக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ளணும்."

மதினி பிள்ளையோடு வந்தது அடக்கத்துக்கு. பேருந்தில் வந்த களைப்பில் அழக்கூடத் தெம்பில்லாமல் நின்றவள், சிறிது நேரம் கழித்து, ஒதுங்க எங்கே போவது என்று என் காதில் கேட்டாள். நான் மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். கதவைத் தூக்கித் தள்ளினேன். உள்ளே வெள்ளைப் பீங்கானின் வாயைச் சுத்தமான சாக்கு மடித்து அடைத்திருந்தது. வாளியில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருந்தது. சோப்பும் அப்படியே.

"அம்மா இதுல போனதே இல்லையா?" என்றாள் மதினி.

நான் சாக்கை உருவி வெளியே போட்டேன்.

முப்பதாம் நாள் பூசை வரைக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். வந்தவர், போனவர், ராத்தங்கியவர் எல்லோரும் அதைத்தான் புழங்கினார்கள். மதினி கிளம்புகிற நாள் காலையில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தாள். கழிப்பறைச் சாவியும் அதில் இருந்தது. "பூட்ட வேணாம் சித்தி, நீங்க போங்க" என்றாள்.

"அம்புட்டுச் சனம் போயிருக்கு. ரொம்பியிருக்குமேத்தா?" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கேட்டாள்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. மதினியின் வீட்டுக்காரரைக் கடப்பாரை எடுத்துவரச்சொல்லி, குழிமூடியை நெம்பித் தள்ளினோம். சற்று நேரம் காற்றாட விட்டு எட்டிப் பார்த்தோம். சுற்றிலும் செங்கல் நாங்கள் அடுக்கியபோது இருந்த சிவப்பிலேயே இருந்தது. அடியில் கொஞ்சம்போல் ஈரம் பரவியிருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இம்புட்டுத்தான்."

அவள் குனிந்தவாக்கில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவி மக. இதுக்கா காஞ்சு கெடந்தா" என்றாள்.

மூடியைத் திரும்பப் பொருத்தினோம். விளிம்பைப் பூசாமல் விட்டால் கொசு புகும். ஒரு கை சிமெண்டையும் மணலையும் கலந்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன். மதினி பிள்ளையை இறக்கி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பரணில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. புதுக்குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். குடத்தின் கழுத்தில் சுற்றியிருந்த பழைய செய்தித்தாள் பாதி கிழிந்து, நனைந்து ஒட்டியிருந்தது.