கண்மாய்க்குள் போன கோடு

பைக் பயணத்துக்கென்று ஜிபிஎஸ் கருவி வாங்கியபோது நான் பார்த்தது மூன்றே விஷயங்கள். உச்சி வெயிலில் திரை தெரிய வேண்டும், கையுறையோடு தொட்டாலும் வேலை செய்ய வேண்டும், மழைக்குத் தாங்க வேண்டும். மூன்றும் இருந்தன.

ஐப்பசியில் அருப்புக்கோட்டையிலிருந்து வீரசோழனுக்குக் கிளம்பினேன். திருச்சுழி தாண்டியதும் கருவி என்னை ஒரு மண்பாதையில் திருப்பியது. திரையில் நீலக்கோடு நேராக ஓடியது, நம்பிப் போனேன். கருவேலங்காட்டுக்குள் நுழைந்ததும், மழையில் ஊறிய கரிசல் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொள்ள, வண்டி அசையாமல் நின்றுவிட்டது. எதிரே உயர்ந்து நின்ற கரையைப் பார்த்த பிறகுதான், நான் நிற்பது கண்மாய்க்குள் என்று உறைத்தது.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் கத்தினார்.

"வண்டிய விட்டுட்டு ஏறி வாங்க! மேலக் கம்மா நெறஞ்சு, மிச்சத் தண்ணி மறுகா வழியா வெளிய பாயுது. அது இங்கதான் வருது!"

விட மனம் வரவில்லை. குச்சியால் சேற்றைத் தோண்டத் தோண்ட, பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கியது. அவரே இறங்கி வந்து பின்னாலிருந்து தள்ளினார். ஒருவழியாக வண்டி கரையேறியது.

"இந்த மெஷினக் கெணத்துல தூக்கிப் போடணும்" என்று கத்தினேன்.

"கோடையில எல்லாரும் இப்படித்தான் குறுக்க போவோம். மழக்காலத்துல இதுல யாரு வருவா? ஒங்களுக்கு யாரு இந்த வழியச் சொன்னது?"

பதில் சொல்ல வாயெடுத்தபடியே திரையின் சேற்றைத் துடைத்தேன். அந்தக் கோடு கருவி போட்டதல்ல. போன சித்திரையில் இதே கண்மாயை நான் குறுக்கே கடந்தபோது நானே கருவியில் பதிந்து வைத்தது. 'நல்ல வழி' என்று பெயரும் நான்தான் வைத்திருந்தேன்.