இரண்டு பொட்டலம் பூ

சாமியிடம் நேராகக் கேட்கத் துணிச்சல் இல்லாதவர்கள்தான் பூக்கட்டிப் பார்ப்பார்கள் என்று என் மாமியார் சொல்வார். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார். அது எவ்வளவு காலம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒருவர் சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பார். அண்ணிக்குச் சர்க்கரை, அவரால் முடியாது. சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது எனக்குத்தான். டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார், நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பெரிய தொல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ராசிங்காபுரத்தில் வயலைப் பார்த்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர். போன் செய்தால், "சாப்டியா? பள்ளிக்கூடத்துல சோலி அதிகமா?" என்பார், வைத்துவிடுவார். டாக்டருக்குப் பதில் சொல்ல அந்த வாரம்தான் கெடு. உள்ளதைச் சொன்னால், கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கத்தியை நினைத்தாலே பயம். விருப்பமில்லை என்று வாய் திறந்து சொல்ல அதைவிடப் பயம். சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பழி சாமி மேல் போய்விடும் அல்லவா? என் புத்தி அப்படி வேலை செய்தது.

நான் கணக்கு டீச்சர். இரண்டில் ஒன்று வருவதற்கு வாய்ப்பு பாதி என்று போர்டில் எழுதிப் போடுகிறவள். அப்பேர்ப்பட்டவள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளை நந்தியாவட்டை ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் வாழையிலைத் துண்டில் தனித்தனியாக மடித்து, ஒரே மாதிரி நார் சுற்றி, எது எதுவென்று எனக்கே தெரியாதபடி குலுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெள்ளை வந்தால் கொடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் வேண்டாம். நாங்கள் குடியிருக்கும் போடிக்குள் ஒரு கோயிலில் வைத்துக் கேட்டால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் முந்தல் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்ன அம்மன் கோயிலுக்குப் போனேன். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். டிரைவர் இறங்கித் திருநீறு பூசிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து, சூடம் காட்டி, தட்டில் எடுத்துத் தந்தார். அதில் ஒன்றை எடுக்க விவரம் அறியாத ஆள் வேண்டும். வழக்கமாகச் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாள் என்பதால் ஒரு பிள்ளையும் கண்ணில் படவில்லை.

"வெவரம் தெரியாத ஆளுதான ஆத்தா வேணும்? அந்தா நிக்குது பாரு" என்றார் பூசாரி.

ஜீப்பிலிருந்து இறங்கி, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். வகிடு நெடுகக் குங்குமம். காய் எடுக்கிற வேலைக்கு வடக்கே ஜார்க்கண்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் கூட்டத்தில் ஒருத்தி என்பது பார்த்தாலே தெரிந்தது. தட்டை நீட்டி, "ஒண்ணு எடும்மா" என்றேன். விரலையும் காட்டினேன். அவள் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து அள்ளிக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

நான் வெறும் தட்டோடு நின்றேன்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"எனக்கே வெளங்கலை ஆத்தா. ஒரு தடவ கேட்டத மறுதடவ கட்டிக் கேக்கவும் கூடாது. அம்மன் சொன்ன பதிலு ஜீப்புல போகுது. அடுத்த வண்டியப் பிடிச்சு வெரசாப் போ."

போனேன். நாற்பத்தாறு வயதில், ஒரு ஜீப்பின் பின்சீட்டில் அரிசி மூட்டைக்கும் ஒரு தாத்தாவின் குடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதிலைத் துரத்திக்கொண்டு போனேன். ஒரு வளைவில், சிவப்பாக இருக்கட்டும் தாயே என்று வேண்டினேன். அடுத்த வளைவில் அண்ணனின் வீங்கிய முகம் வந்தது. அதற்கடுத்த வளைவில் என்ன வேண்டினேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

போடிமெட்டில் டிரைவர் முன்னால் போன ஜீப்புக்காரருக்குப் போன் போட்டார். "ஏ மாப்ளே, முந்தல்ல எறங்கிச் சாமி கும்புட்டுச்சே வடக்கத்திப் பொம்பள, அத எங்க எறக்குவ? சேச்சே, களவெல்லாம் இல்லடா. சாமி சமாச்சாரம். இங்க ஒரு அக்கா அழுகுற மாதிரி ஒக்காந்திருக்கு."

பூப்பாறை தாண்டி ஓர் ஏலக்காய் ஸ்டோரின் வாசலில் என்னை இறக்கிவிட்டார். காய் உலர்த்தும் வாசம் மூக்கை அடைத்தது. பக்கத்துச் சரிவில் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை இறங்கியது. அதன் முடிவில் தொழிலாளிகளின் லயம், வரிசையாகப் பத்து அறை. மூன்றாவது அறையின் வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"சேச்சி!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. நான் வருவேன் என்று தெரிந்தவள் போல நடந்துகொண்டதுதான் என்னை இன்னும் குழப்பியது. அறையின் மூலையில் சிங்கத்தின் மேல் அமர்ந்த தேவியின் காலண்டர் படம், அதற்குச் சிவப்புத் துணி சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தாள். படத்துக்கு முன்னால் என் இரண்டு பொட்டலங்களும் நார் பிரிக்காமல் இருந்தன.

மூன்று வருஷமாக மலையில் இருப்பதால் கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலையாளம், மிச்சத்துக்குக் கை என்று பேசினாள். "ஈ வருஷம் பூஜைக்கு நாட்டுல போகலை. காய் எடுக்குற சமயம், லீவு இல்ல. பிள்ளை அங்க அழுகுது. காலையில மாதாகிட்ட சொன்னேன், நான் வர முடியலை, நீ வா. அப்ப சேச்சி பூ கொண்டுவந்து என் கையில தந்து." அவளுடைய அம்மாவிடம் போனில் சொல்லியும் விட்டாளாம். இனி இந்த மலையில் அவளுக்குப் பயம் இல்லையாம். மாதாவுக்கு வழி தெரிந்துவிட்டதாம்.

நான் என்ன சொல்வேன்? அம்மா தாயே, அது உனக்கு வந்த பூ இல்லை, என் சிறுநீரக விஷயமாக வந்தது, திருப்பிக் கொடு என்றா? கேட்க வந்தவள் அந்தப் பொட்டலங்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட வந்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காத இவளுக்கு வீடு தேடி வந்திருக்கிறதே என்ற பொறாமைதான்.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். "அய்யோ, சேச்சி கையில ஒண்ணும் இல்ல" என்றாள். சட்டென்று எழுந்து, என் முகத்தைப் பார்த்தபடியே கைக்கு வந்த ஒரு பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "எனக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணு மதி."

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். போடிக்காரிக்கு அது தெரியாமலா இருக்கும்? எனக்குள்ளும் இரண்டு இருப்பது ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதேன். பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து அவளும் கூடச் சேர்ந்து அழுதாள். அப்புறம் பாலும் ஏலக்காயும் போடாத வெறும் கட்டஞ்சாயா கொடுத்தாள், குடித்தேன்.

ரோட்டுக்கு ஏறி வந்து, ஜீப்புக்குக் காத்து நின்றபோதுதான் நாரைப் பிரித்தேன். சிவப்பு அரளி.

நான் ஆசைப்பட்டதுதான் வந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. என் கைக்கு வந்தது சிவப்பு என்றால் கொடுக்காதே என்று அர்த்தம். ஆனால் பூ எடுக்கிறவர் எடுத்துக்கொண்டதுதானே கணக்கு? அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது வெள்ளை. அப்படியென்றால் கொடு. முதலில் அவள் எடுத்தது இரண்டையுமே. அதற்கு என்ன விடை? இறங்குகிற வழியெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இருபது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இரண்டு பூவின் கணக்கு நிற்கவில்லை. கோயிலில் ஜீப்பு நின்றதும் பூசாரியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தபடி, "பூவப் பாக்கவா, அந்தப் பொம்பளயப் பாக்கவான்னு அம்மனத்தான் கேக்கணும்" என்றார்.

அதற்கு முன்பும் நான் கோயிலுக்குப் போகிறவள்தான். மழை வரும்போல் இருந்தால் குடை எடுத்துப் போவது மாதிரியான பக்தி அது. இப்போது கும்பிடும்போது எதிரே ஆள் இருப்பதாகத் தோன்றுகிறது. என்ன சொல்கிறாள் என்பதுதான் பிடிபடுவதில்லை. மலையில் யார் யாருக்குப் பிரசாதம் கொடுத்தது என்று யோசித்தால் இன்றைக்கும் தலை சுற்றுகிறது.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, "நான் குடுக்குறேண்ணே" என்றேன். "பயமா இருக்கா ஆத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்குந்தான்" என்றார். அவர் எனக்குத் தெரிந்து பயம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷனுக்கு முன்னால், கொடுப்பவர் தன் விருப்பத்தில்தான் கொடுக்கிறாரா என்று தனியாக உட்கார வைத்து விசாரிப்பார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். வற்புறுத்தினார்களா, பணம் தருவதாகச் சொன்னார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒருவர், "கொடுக்கச் சொல்லி உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?" என்றார்.

"யாரும் சொல்லலை சார்" என்றேன். சொன்னது பொய்யா உண்மையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.