மாம்பலத்து மாமியின் வெள்ளைக் களிம்பு

பதினான்கு வயதில் என் முகத்தில் பரு வர ஆரம்பித்தது. பத்தொன்பதிலும் நிற்கவில்லை. கன்னத்தைத் தொட்டால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரவென்றிருக்கும். ஒரு பரு அடங்கினால் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு வடு நிற்கும். அது மறைவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். மீதி இடமெல்லாம் வெயில் காணாத செடி மாதிரி சோபையில்லாமல் கிடக்கும்.

மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். அப்பா சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுப்பாள். குண்டு விழும் என்று பயந்து ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடித் திரும்பிவந்த சமயம் அது. யுத்தம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. கடைகளில் முகத்துக்குப் போடும் சீமை ஸ்நோவும் கிடையாது, நல்ல சோப்பும் கிடையாது. அதனால் அம்மா வீட்டிலேயே வைத்தியம் பார்த்தாள். திங்களன்று பயத்தமாவும் பூலாங்கிழங்கும் என்றால் செவ்வாயன்று பாலில் இழைத்த ஜாதிக்காய். அதற்கடுத்த நாள் யாரோ சொன்னார்கள் என்று வேப்பிலை. எதையும் ஒரு வாரம் தொடர்ந்து செய்ததில்லை. எல்லாவற்றையும் அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். எரிகிறது என்றால், "எரிஞ்சாத்தாண்டி வேலை செய்யறதுன்னு அர்த்தம்" என்பாள்.

பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இரண்டாவது இடத்து அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு அம்மை போட்டிருந்துதோ?" என்று அம்மாவைக் கேட்டாள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாம்பலத்து மாமி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். தியாகராய நகரில் புதிதாகக் கட்டிய மாடி வீடு அவளுடையது. குழந்தையில்லை. நாத்தனார் பெண்ணை வீணைப் பாடத்துக்கு அழைத்து வருவாள். பாடம் முடியும்வரை சுவரோரம் பாயில் உட்கார்ந்து கேட்பாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ஆனால் அந்த முகம்! ஒரு மறு, ஒரு கோடு இல்லை. பாலில் நனைத்த மல்துணி போல வெளுப்பு. எனக்கு அவளைப் பார்த்தால் ஆசையாகவும் இருக்கும், ஏனென்று தெரியாமல் ஒரு கலக்கமாகவும் இருக்கும். கைகள் இரண்டையும் எப்போதும் புடவைத் தலைப்புக்குள் வைத்திருப்பாள். காப்பி கொடுத்தால், "வெச்சுட்டுப் போ, கொழந்தே" என்பாள். நான் உள்ளே போன பிறகுதான் எடுத்துக் குடிப்பாள். சிரிக்கும்போது வாயைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். பெரிய மனுஷி, அடக்கம் என்று நினைத்தோம்.

ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள். "தப்பா நெனச்சுக்காதேள். கொழந்தை மூஞ்சிக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்" என்று ஒரு சின்னப் பீங்கான் டப்பாவைப் பாய்மேல் நகர்த்தினாள். உள்ளே வெள்ளையாக, வாசனையே இல்லாத களிம்பு. மேலே பெயரில்லை, சீட்டில்லை.

"எங்கே கிடைக்கறது மாமி?" என்றாள் அம்மா.

"எங்காத்துக்காரர் கோட்டைப் பக்கத்துல யாரோ ஒருத்தர்கிட்டேர்ந்து வரவழைக்கறார். காலம்பற ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். விடாம போடணும். நடுவுல நிறுத்தப்படாது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது நினைவிருக்கிறது.

என் வாழ்க்கையில் முதல்முறையாக முகத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது. காலையில் குளித்ததும் அம்மா என்னை ரேழியில் உட்காரவைத்துத் தன் விரலாலேயே களிம்பைத் தடவுவாள். சாயங்காலம் விளக்கேற்றுமுன் மறுபடியும். அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு உண்டு. விரலில் மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று தன் கன்னத்திலும் கழுத்திலும் பூசிக்கொள்வாள். போகப்போக அவளுடைய பங்கு அதிகமானது. நான் கவனித்தேன், கேலிகூடச் செய்தேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மாதம் இரண்டுகூட ஆகியிருக்காது, பருக்கள் காய்ந்து உதிர்ந்தன. வடுக்கள் மங்கின. என் முகம் ஒவ்வொரு வாரமும் ஒரு படி வெளுத்தது. கோயிலில் தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தை பிறந்ததும் ஓர் இடத்திலிருந்து பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. டப்பா தீரத்தீர மாமி புதிது கொண்டுவந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா குளித்துவிட்டு வெளியே வரவே இல்லை. கதவைத் தட்டினேன். திறந்தபோது மார்போடு கையை அழுத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று திருமாங்கல்யத்தைக் காட்டினாள். பொன்னின் ஒரு பக்கம் ஈயம் போல வெளுத்திருந்தது. புடவை நுனியால் தேய்த்தேன். போகவில்லை. அடியில் மஞ்சள் இருக்குமென்று நகத்தால் சுரண்டினேன். அங்கேயும் அதே சாம்பல் நிறம்.

அப்பாவுக்கு ஏதோ வரப்போகிறது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். திருமாங்கல்யத்தை ரவிக்கைக்குள் ஒளித்துக்கொண்டாள். விடிந்ததும் கபாலி கோயிலுக்குப் போய்ப் பிரதட்சிணம் செய்தாள். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் நேரமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள். அவர் தும்மினால்கூடத் திடுக்கிடுவாள். அப்பாவோ நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அம்மாதான் தூங்கவில்லை. காரணமில்லாமல் அழுதாள். பாடத்துக்கு வந்த பெண்களிடம் சுள்ளென்று விழுந்தாள். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. எல்லாவற்றுக்கும் அந்தக் கவலைதான் காரணம் என்று நான் நினைத்தேன்.

பிறகு வீணையில் அது கேட்டது. நீட்டி நிறுத்தவேண்டிய ஸ்வரம் நிற்கவில்லை. நடுங்கியது. பாடம் கேட்க வந்த ஒரு பெண்ணின் தாய், "இன்னிக்கு உங்க கமகம் உருகறது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த மாம்பலத்து மாமி சட்டென்று எழுந்து, நேரமாகிவிட்டது என்று பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

மறுநாள் பால்காரி சொம்பை நீட்டச் சொன்னாள். அம்மா நீட்டினாள். பால் கையெல்லாம் வழிந்தது.

"இன்னாம்மா, கையி இப்டி ஆடிக்கினு கீது? ஒடம்புக்கு இன்னா?" என்று அவள் உரக்கக் கேட்டதில் அப்பா வெளியே வந்துவிட்டார். அவர் கண்ணெதிரே அம்மாவின் கையில் சொம்பு கிடுகிடுவென்று ஆடியது.

அன்றைக்கே சாந்தோமில் ஒரு லேடி டாக்டரிடம் அம்மாவை அழைத்துப்போனோம். அவர் அம்மாவைக் கையை நீட்டச் சொன்னார், ஈறுகளைப் பார்த்தார்.

"வாய்ல ஏதாவது ருசி தெரியுதா?"

"காசை வாயில போட்டுண்டாப்பல இருக்கு" என்றாள் அம்மா.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். "என்ன பூசறீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

அப்பா ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்தார். டாக்டர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, நகை ஏதாவது நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்டார். அம்மா தலைப்பை மார்பின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பா இருக்கும்போது அதை எப்படி வெளியே எடுப்பாள்? நான்தான் சொன்னேன். வேறு வழியில்லாமல் அம்மா எடுத்துக் காட்டினாள். அப்பா அதை அப்போதுதான் பார்த்தார்.

"பாதரசம்மா" என்றார் டாக்டர். "தோலை வெளுக்கவைக்க இதுல கலக்கறாங்க. தங்கத்துல பட்டா தங்கம் வெளுத்துடும். தோல் வழியா உள்ளே போனா நரம்பு, ஈறு, சிறுநீரகம், எல்லாத்தையும் பிடிக்கும். நீங்க எவ்வளவு நாளா உள்ளே விட்டுக்கிட்டு இருக்கீங்க!"

அம்மா அழ ஆரம்பித்தாள். பயந்துவிட்டாள் என்று டாக்டர் தோளைத் தொட்டார். அம்மா நிமிர்ந்து, "அப்போ அவருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"அவருக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான்."

"அது போறும் எனக்கு" என்றாள் அம்மா. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு நடுக்கம் வரவில்லை; வயது காப்பாற்றியது, இன்னும் சில மாதம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். டப்பாவை அவரே வைத்துக்கொண்டார். ஆனால் வீட்டில் இன்னொரு டப்பா திறக்காமல் இருந்தது. அதை எடுத்து வந்து அம்மா என் முன்னால் வைத்தாள்.

"நான் இனிமே தொடலை, சத்தியமா. நீ மட்டும் போட்டுக்கோ. தையில அவா வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும்."

அந்தக் கை நடுங்கிக்கொண்டே டப்பாவை என் பக்கம் தள்ளியது. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் பைத்தியக்காரத்தனமாகச் சொல்லவில்லை. வெகு நிதானமாக யோசித்துத்தான் சொன்னாள். டப்பாவைத் துணியில் சுற்றி மறுநாள் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

மாமிக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவும் நானும் ஜட்காவில் தியாகராய நகர் போனோம். அப்பா வாசலில் நின்றுகொண்டார். பகல் நேரத்திலும் அந்த வீட்டில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. மாமி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லச்சொல்ல முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டாள். பிறகு தலைப்புக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து மடியில் வைத்தாள். அம்மாவின் கைகளைவிட மோசமாக அவை ஆடின. வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் இரண்டு இல்லை.

"தெரியும்டி" என்றாள். "உங்கம்மா வாசிக்கறச்சே கேட்டேனே, அன்னிக்கே தெரிஞ்சுடுத்து. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுண்டிருந்தேன். என் ஒடம்பு வாகுன்னு."

"நிறுத்திடுங்கோ மாமி. டாக்டர்கிட்ட வாங்கோ, நான் கூட்டிண்டு போறேன்."

"ஒருதரம் நிறுத்திப் பார்த்தேன். மூஞ்சி பழையபடி ஆயிடுத்து. முன்னைக்கும் மோசமா. இவர் சாப்பிடறச்சேகூட என் பக்கம் திரும்பலை. மறுநாள் இவரே டப்பாவைக் கொண்டுவந்து கண்ணாடி முன்னாடி வெச்சார். ஒரு வார்த்தை பேசலை, வெச்சுட்டுப் போயிட்டார்."

உள்ளே எங்கோ நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமி கைகளைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "பொறப்படு, கொழந்தே. இவர் எழுந்துண்டாச்சு" என்றாள். குங்குமம் கொடுக்க மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மாமி சொன்னபடியே என் முகமும் ஆயிற்று. நிறுத்திய சில வாரங்களில் கன்னமும் நெற்றியும் திட்டுத்திட்டாகக் கறுத்தன. பருக்கள் கொத்துக்கொத்தாக வந்தன. தையில் வந்தவர்கள் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள், சொல்லியனுப்பவில்லை.

டாக்டர் எனக்குச் சொன்னது மிகவும் சாதாரணமானது. தேய்க்காதே. காலையும் மாலையும் பயத்தமாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் கழுவு. துண்டால் ஒற்றி எடு. ஈரம் இருக்கும்போதே பன்னீரில் கலந்த கிளிசரின் கொஞ்சம் தடவு. வெயிலில் குடை பிடி. தலையணை உறையை அடிக்கடி துவை. பருவைக் கிள்ளாதே. வேறு ஒன்றும் செய்யாதே. இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. தினமும் கண்ணாடியில் அதே முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும். அடுத்த மழைக்காலம் வரும்போது சொரசொரப்பு தணிந்திருந்தது. பருக்களும் குறைந்தன. கறுப்பு முழுதாகப் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. அந்த முகத்தோடுதான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனேன், வேலைக்குப் போனேன். பின்னால் கல்யாணமும் செய்துகொண்டேன்.

அம்மாவுக்குப் புதிய திருமாங்கல்யம் செய்து அப்பா நல்ல நாள் பார்த்துக் கட்டினார். அவள் கை நடுக்கம் பாதிதான் குறைந்தது. வீணையை உறைபோட்டு மூலையில் வைத்துவிட்டு வாய்ப்பாட்டாகப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

மாமியை இன்னொருமுறை பார்த்தேன். பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருந்தாள். முகம் அப்படியே வெள்ளையாக, அழகாக இருந்தது. கொஞ்சம் ஊதியிருந்ததால் இன்னும் இளமையாகத் தெரிந்தது. கடைக்குப் போன பெண்கள் இரண்டு பேர் நின்று அவளைப் பார்த்து ஏதோ மெச்சிப் பேசிக்கொண்டார்கள். நான் கண்ணாடி அருகில் போய், "மாமி" என்றேன். என் பக்கம் திரும்பினாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் மாமியின் நாத்தனார் பெண் வந்து, மாமி போய்விட்டாள் என்று சேதி சொன்னாள். நீர் பிரியாமல் உடம்பெல்லாம் வீங்கிக் கிடந்தாளாம். கடைசி நாள் காலையிலும் அந்தப் பெண்ணின் கையால்தான் களிம்பைப் பூசிக்கொண்டாளாம். அம்மா அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னாள். சோப்பை எடுத்துக்கொண்டு, கிணற்றடிக்கு அழைத்துப் போய், அவளுடைய இரண்டு கைகளையும் தன் ஆடுகிற கைகளால் பிடித்துக் கழுவினாள். வெகுநேரம் விடவில்லை.