தேமல் என்று நினைத்தது

லில்லியனுக்கு முதல் திட்டு இடுப்பில் வந்தபோது வயது நாற்பத்தாறு. காசளவுக்குத் தோல் வெளிறி, மேலே மெல்லிய செதில் இருந்தது. தேமல் என்று நினைத்து எலுமிச்சை தேய்த்தார். இரண்டு வருடத்தில் அது தொடைக்கும் பிட்டத்துக்கும் பரவியது. கிளினிக்கில் இடுப்பை மட்டும் காட்டினார்; மற்ற இடங்களை ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். டாக்டர் கிரீம் கொடுத்தார். தடவினால் அரிப்பு அடங்கும், விட்டால் திரும்பும்.

மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் அவர் பதினெட்டு வருடம் களைக்கொல்லி அடித்தவர். முட்டி தேய்ந்ததும் அதை விட்டுவிட்டுத் தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைக்கப் போனார். கணவர் காப்ரியல் லோரியில் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகிறவர். ஒரே மகள் விவியன் கிள்ளானில் வேலை செய்தாள்.

அரிப்பைவிடப் பயம்தான் லில்லியனை வாட்டியது. தோட்டத்து லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு உடம்பில் இப்படித் திட்டுகள் வந்ததாகவும், சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்புக்குக் கொண்டுபோகப்பட்டவர் திரும்பவே இல்லை என்றும் அவருடைய அப்பா சொல்லியிருந்தார். தனக்கும் பெருவியாதிதான் என்று லில்லியன் முடிவுகட்டிக்கொண்டார். கதவைத் தாழிட்டே உடை மாற்றினார்.

ஒருநாள் துணி காயப்போடும்போது ரவிக்கை மேலேறிக் கீழ்முதுகுத் திட்டு தெரிந்தது. காப்ரியல் பார்த்துவிட்டார். மறுநாள் தனக்கென்று வேறு சவுக்காரமும் வேறு துண்டும் வாங்கி வந்தார். அடுத்த வாரம் பாயை ஹாலுக்கு மாற்றினார். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகவேண்டும், உன் தூக்கம் கெடும் என்றார். லில்லியனுக்கு உண்மைக் காரணம் புரிந்தது. இரண்டு வருடம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

முன்கையில் திட்டு வந்த பிறகு மறைக்க முடியவில்லை. பெற்றோர் சிலர் புகார் செய்ய, தலைமையாசிரியை அவரைத் தனியே கூப்பிட்டு, டாக்டர் கடிதம் வாங்கி வரும்வரை அடுப்பங்கரைக்கு வரவேண்டாம் என்று தயக்கத்தோடு சொன்னார். அதன் பிறகுதான் அவர் பெரிய மருத்துவமனைக்குப் போனார்.

லில்லியன் தன் பயத்தைச் சொன்னதும், தோல் பிரிவில் இருந்த டாக்டர் சந்திரிகா உடம்பு முழுவதையும் பார்த்தார். லில்லியனைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு திட்டிலும் பஞ்சால் தொட்டார். பெருவியாதித் திட்டு மரத்துப்போயிருக்கும்; இவருக்கு எல்லா இடத்திலும் உணர்வு இருந்தது. நீங்கள் பயப்படுகிற வியாதி மாதிரி தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதும் லில்லியன் அங்கேயே அழுதுவிட்டார்.

ஆனால் டாக்டர் அத்துடன் விடவில்லை. தோலில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு தெளிவாக வரவில்லை. தினமும் தடவும் கிரீம் நோயின் தடயத்தை மறைத்துவிடும், நான்கு வாரம் எதையும் தடவாமல் வாருங்கள், மறுபடி இரண்டு இடத்தில் வெட்டிப் பார்க்கலாம் என்றார்.

அந்த நான்கு வாரம் லில்லியன் பட்டது கொஞ்சமில்லை. தொடையைச் சொறிந்து ரத்தம் வந்தது. ஒருநாள் மத்தியானம் காப்ரியல் வீட்டுக்கு வந்தபோது, லில்லியன் அலமாரியைக் கலைத்துப் பழைய கிரீம் ட்யூபைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவை போட்டுக்கிறேங்க. டாக்டர்கிட்ட சொல்லாதீங்க.”

காப்ரியல் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவருடைய முதுகிலும் கையிலும் ஒற்றினார்.

“பயந்துட்டேன் லில்லி. உன்கிட்ட கேக்கவும் பயமா இருந்துச்சு.”

மன்னிக்க லில்லியனுக்கு மேலும் பல நாள் ஆனது.

இரண்டாவது சோதனையில் தெரிந்துவிட்டது. தோலில் வருகிற லிம்போமா. வெள்ளை அணுக்களில் ஒரு வகை தோலுக்குள் தங்கிப் பெருகும் புற்றுநோய். அரிதானது, மெதுவாக நகர்வது. ரத்தத்துக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் இன்னும் போகவில்லை என்றார் டாக்டர். சாவைப் பற்றி லில்லியன் கேட்கவில்லை.

“இது யாருக்காச்சும் ஒட்டுமா டாக்டர்?”

“ஒட்டாது ஆண்ட்டி.”

பக்கத்தில் இருந்த காப்ரியல் தலையைக் குனிந்துகொண்டார்.

தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்ததால் வந்ததா என்று லில்லியன் அடுத்துக் கேட்டார். ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதில்தான் அவரை அதிகம் வதைத்தது. கூட மருந்தடித்த பெண்கள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். தனக்குத் தெரிந்து யாருக்கும் இது வரவில்லை. யாரைக் குறை சொல்வதென்று தெரியாமல், சில நாள் எல்லார்மேலும் கோபப்பட்டார்.

வாரத்துக்கு மூன்று முறை ஒளி சிகிச்சை. சுற்றிலும் நீளக் குழல்விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள், கறுப்புக் கண்ணாடி போட்டு, உடையின்றிச் சில நிமிடம் நிற்கவேண்டும். முதல் நாள் மூடிய பெட்டிக்குள் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டார். காப்ரியல் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு கூட்டிப்போனார். உடம்பு கறுத்தது, தேவாலயத்தில் விசாரித்தார்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு தொடைத் திட்டுகள் மங்கின. ஒட்டாத நோய் என்ற டாக்டர் கடிதத்தைப் பார்த்துப் பள்ளி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது; ஆனாலும் சில பிள்ளைகள் வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

ஒன்றரை வருடத்தில் தோல் ஏறக்குறைய தெளிந்து, சிகிச்சையை நிறுத்தினார்கள். எட்டு மாதம் கழித்து மார்புக்குக் கீழே புதிதாக ஒரு திட்டு. இந்த நோய் அடங்கும், திரும்பவும் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த முறை லில்லியன் ஒளிக்கவில்லை. குளித்து வந்த ஈரத்தோடு காப்ரியலைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக லீவு கேட்டு, வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குப் போன் போட்டார்.