அழகமுத்துவின் இடது புருவம்

அழகமுத்துவை எதிர்த்து நின்றவர்கள் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் குறி வைத்தார்கள்: இடது புருவம். நாலு குத்து விழுந்தால் பிளந்துவிடும். அந்தப் புருவத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் லைட்வெயிட் குத்துச்சண்டைப் பட்டம் வாங்கினான் என்றால் கொழும்பில் இப்போதும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யட்டியாந்தோட்டையில் நாங்கள் சிரிக்க மாட்டோம்.

ஊருக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவன் பால் வெட்டுகிறவன். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, கத்தியோடு மரம் மரமாக ஏறி இறங்கி, மத்தியானம் பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மற்றவர்கள் அதற்குப் பிறகு கள்ளுக்கடைப் பக்கம் போனார்கள். இவன் உமி அடைத்த சாக்கைத் தொங்கவிட்டு அதைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். கிறுக்கன் என்றுதான் லயத்து வீடுகளில் பேச்சு.

கேகாலைக்கு ஒரு கார்னிவல் வந்தது. மேடையில் நின்று ஊரையே சவாலுக்கு அழைத்த குத்துச்சண்டைக்காரனை இவன் மல்லாத்தியதை, பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த, எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஜுனைதீன் பார்த்தார். அன்றைக்கே கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு இவன் பின்னால் அலையத் தொடங்கினார். முதலில் அவிசாவளை, பிறகு கொழும்பு. 1932இல் பட்டம் கிடைத்தது. மறுநாள் பெரட்டில் கங்காணி வழக்கம்போலத்தான் ஏசினார்.

புருவத்தைப் பார்த்துக்கொண்டவன் மச்சான் நல்லையா. மனைவி சின்னம்மாவின் தம்பி. ரப்பர் மலையில் கத்தி கையைக் கிழித்தால் யாரும் மருந்து தேடி ஓடுவதில்லை. மரத்துப் பாலையே தடவுவார்கள். அது காய்ந்து தோலாக ஒட்டிக்கொள்ளும், ரத்தம் நிற்கும். நல்லையா அந்த வைத்தியத்தை ரிங் மூலைக்குக் கொண்டுபோனான். சண்டை நாள் காலையில் வெட்டிய பாலைப் போத்தலில் எடுத்துக்கொண்டு கொழும்புக்குச் சின்ன ரயில் ஏறுவான். மாலைவரை அது உறையாமல் எப்படியோ தாங்கும்.

சின்னம்மாவுக்குப் பட்டம் ஒரு பொருட்டே இல்லை. “தோத்தாத் தோத்துட்டு வாங்க. கண்ணு மட்டும் பத்திரங்க. கண்ணு போனா கத்தியும் போச்சு,” என்பாள். அவள் சொன்னது நியாயம். பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்று கண்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் மரம் காயப்படும், துரை வெட்டிலிருந்து நிறுத்திவிடுவார்.

அடுத்த வருஷம் கொழும்பு கொம்பனித்தெரு லாபிர் பட்டத்துக்குச் சவால் விட்டான். வயதில் இளையவன், வலது கை இடி மாதிரி இறங்கும். சண்டை நாள் காலையில் யட்டியாந்தோட்டையில் மழை கொட்டியது. மழையில் பால் வெட்ட முடியாது, தண்ணீரோடு ஓடிவிடும். நல்லையாவுக்குக் கைகால் ஓடவில்லை. ஸ்டோரில் முந்தின நாள் பால் ஒரு வாளி இருந்தது. உறையாமலிருக்க அதில் அமோனியா விட்டிருந்தார்கள். அதைப் போத்தலில் நிரப்பினான். கொழும்புவரை தாங்காதோ என்ற பயத்தில் தன் கையாலும் இன்னும் கொஞ்சம் அமோனியாவை விட்டான். பாலைக் கெடாமல் வைக்கிற மருந்து காயத்தை என்ன செய்துவிடும் என்று நினைத்தான், பாவி.

நாலாவது ரவுண்டில் புருவம் பிளந்தது. மணி அடித்ததும் அழகமுத்து மூலைக்கு வந்து உட்கார்ந்தான். நல்லையா போத்தலைத் திறந்து காயத்தில் பாலைத் தடவினான். அது வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அழகமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். நெடி மூக்கில் ஏறியபோதுதான் ஜுனைதீனுக்கு விஷயம் புரிந்தது.

“என்னத்தடா ஊத்தின?” வாளித் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தார்.

“ஸ்டோர் பாலு நானா… மருந்து போட்டது…” நல்லையா போத்தலை நீட்டிக் காட்டினான்.

சண்டையை நிறுத்தச் சொல்லி எறிகிற துவாயை ஜுனைதீன் கையில் எடுத்தார். “போதும் தம்பி. பட்டம் போனாப் போகட்டும். கண்ணப் பாப்பம், ஆசுபத்திரிக்குப் போவம்.”

அழகமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். “துவாய எறிஞ்சா ஏன்னு கேப்பாங்க நானா. பந்தயக்காரன்கிட்ட காசு வாங்கிக்கிட்டு மச்சானே ஊத்திட்டான்னு சொல்லுவாங்க. இவன உசுரோட வெளிய விட மாட்டாங்க.”

அவன் சொன்னது பொய்யில்லை. மண்டபம் முழுக்கப் பந்தயம் கட்டியவர்கள். எங்கள் ஊரிலிருந்தே லொறியில் வந்தவர்கள் முன்வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. அழகமுத்து எழுந்து போனான்.

இடது பக்கம் முழு இருட்டு. லாபிரின் வலது கை அந்த இருட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. முதல் குத்தில் முழங்கால் மடிந்தது, அடுத்ததில் கயிற்றில் சாய்ந்தான். ஒவ்வொரு ரவுண்ட் முடிவிலும் ஜுனைதீன் துவாயைத் தூக்கினார், இவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். நல்லையா மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். பிறகு அழகமுத்து தலையைத் திருப்பி வைத்து, லாபிரோடு ஒட்டிக்கொண்டே சண்டை போட்டான். கடைசி ரவுண்டில் லாபிரின் தாடையில் ஒரு குத்து சரியாக விழுந்தது, அவன் எழவில்லை. நடுவர் இவன் கையை உயர்த்தினார். எங்கள் ஆட்கள் ரிங்குக்குள் குதித்தார்கள்.

கண் தேறவில்லை. டாக்டர் கேட்டபோது, “குத்துல போச்சுங்க,” என்றான். சின்னம்மாவிடமும் அதையேதான் சொன்னான். ஜுனைதீன் வாயை மூடிக்கொண்டார். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கங்காணி கத்தியை வாங்கிக்கொண்டு, பெண்களோடு புல்லு வெட்ட அனுப்பினார்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாபிர் லயத்துக்கு வந்தான். ஆளே பாதியாகிப் போயிருந்தான். வாசலில் நின்ற அழகமுத்துவின் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

“எண்ட கையாலதானே ஒங்கட கண்ணு போச்சு. மன்னிச்சிடுங்க அண்ணே. அந்த நாளுக்குப் பொறகு ஆர அடிக்கப் போனாலும் கை பாதியில நிண்டுடுது, சண்டைய விட்டுட்டன். இப்ப ஹாபர்ல மூட்ட தூக்குறன்.”

அழகமுத்துவின் முகம் வெளிறிப்போனது. இப்படி ஒருவன் தன் பொய்யைச் சுமந்துகொண்டு திரிவான் என்று அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. வாய் திறந்தால் மச்சான் மாட்டிக்கொள்வான். திறக்காவிட்டால் இவன் இப்படியே அழிந்துபோவான். அவன் யோசித்து முடிப்பதற்குள் நல்லையா உள்ளேயிருந்து வந்தான்.

“ஒங்க கையில்லீங்க. என் கைதான். நான் ஊத்தின பாலுதான் கண்ண எரிச்சிருச்சு.”

சின்னம்மா தம்பியைப் பார்த்தபடி சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். லாபிர் பிடித்திருந்த கைகளை விட்டான். அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று அழகமுத்து எதிர்பார்த்தான். வந்தது வேறு.

“ஒங்கட மச்சான நீங்க காப்பாத்தினீங்க. சரி. எனக்கு ஒரு வார்த்த சொல்லியனுப்ப ஏலாமப் போச்சா? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சன்?”

எனக்கும் இந்த இடத்தில் அழகமுத்துமேல் கோபம்தான் வருகிறது. அவன் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றான். “அடிச்சிருங்க தம்பி. ஆத்திரம் தீர அடிச்சிருங்க.”

லாபிர் வலது கையை ஓங்கினான். கை பாதியிலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓங்கினான். மறுபடியும் நின்றது. அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உண்மை தெரிஞ்சும் ஏலல்ல,” என்றான்.