சயோவுக்குப் பிடித்த நிறம்

மிவாகோ அந்தத் துறைமுக ஊருக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு துணிப்பை, தோளில் தூங்கி வழிந்த மகள் சயோ. அவ்வளவுதான் அவளுடைய சொத்து. சைத்தாமாவில் இருந்த வீட்டையும், வீட்டில் இருந்த புருஷனையும், அவன் கையையும் விட்டு ஓடி வந்தவள்.

புருஷன் தகானோரி குடிகாரன் இல்லை. தெருவில் நல்ல பெயர். குப்பை எடுக்கும் நாளில் எதிர்வீட்டு அம்மாளின் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். கதவைச் சாத்திய பிறகு வேறு ஆள். சோறு குழைந்தால் ஒரு பேச்சு, விறைத்தால் ஒரு அடி. மிவாகோ எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். சயோவின் மேல் கை விழுந்த அன்றைக்குத்தான் அவளுக்குக் கால் முளைத்தது.

புதிய ஊர் நகராட்சியில் ஒரு அதிகாரி அவளுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். "உங்க முகவரியை இனிமே அவரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டோம். வக்கீலை அனுப்பினாலும் கிடைக்காது. பூட்டியாச்சும்மா, தைரியமா இருங்க."

போனை மாற்றினாள், எண்ணை மாற்றினாள். பெற்ற தாயிடம்கூட ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. தாயும் கேட்கவில்லை. "சொல்லாதடி. அவன் வந்து அழுது காட்டினா என் வாய் நிக்காது" என்று பொதுத் தொலைபேசியில் சொன்னதோடு சரி.

நண்டு உடைக்கும் கொட்டகையில் வேலை கிடைத்தது. வேகவைத்த சிவப்பு நண்டின் காலைக் கத்தரித்து, சதை சிதறாமல் உருவி எடுக்க வேண்டும். பக்கத்து மேசையில் தொமியே என்றொருத்தி. பேரன் பேத்தி எடுத்தவள், வாய் மூடாதவள்.

"இதுக்கு இத்தனை காலு இருந்தும் வலையில மாட்டிக்கிச்சு பாரு. நீ ரெண்டு காலை வச்சுக்கிட்டுத் தப்பிச்சு வந்திருக்க. கெட்டிக்காரிதான்."

"நான் எங்க தப்பிச்சு வந்தேன்? உங்களுக்கு யாரு சொன்னா அக்கா?"

"யாரும் சொல்லல. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா நண்டைப் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்கிறியே, அது சொல்லிச்சு."

மிவாகோ சிரித்துவிட்டாள். அந்த ஊருக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல்.

மே மாதம் பிறந்தது. அடுத்த ஏப்ரலில் பள்ளிக்கூடம் சேரும் பிள்ளைக்கு இந்த மே மாதமே தோல் பை பார்த்தாக வேண்டும். பிந்தினால் நல்ல நிறமெல்லாம் போய்விடும். ஆறு வருஷமும் முதுகில் ஏறி உட்காரப் போகிற பை. தாத்தா பாட்டிதான் வாங்கித் தருவது வழக்கம். மழலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அதே பேச்சு.

"ரிக்காவோட தாத்தா அவளுக்குக் கேரமல் கலர் வாங்கிட்டாராம். எனக்கு யாரும்மா வாங்கித் தருவாங்க?" என்றாள் சயோ.

"நான்தான்."

"நீ தாத்தா இல்லையே."

கொட்டகையில் சொன்னபோது தொமியே கத்தரியை ஆட்டினாள். "இன்னும் பை பார்க்கலையா? ஏம்மா, கடைசியில யாரும் சீண்டாத கலரைத் தலையில கட்டிருவானுங்க. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா?"

அப்போதுதான் மிவாகோவுக்குப் பழைய அங்காடி அட்டை ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அரிசி, எண்ணெய், சயோவின் பால் மாவு என்று எது வாங்கினாலும் அதில் புள்ளிகள் ஏறும். ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தாள். அது அவனுடைய காசு இல்லை; அவள் சுமந்து வந்த மூட்டைகளின் பலன். மகளுக்குப் பை வாங்க அதை எடுத்தால் என்ன தப்பு?

புதிய போனில் அந்த அங்காடியின் தளத்தைத் திறந்து, பழைய அட்டையின் எண்ணைப் போட்டாள். கதவு திறந்துகொண்டது. "மீண்டும் வருக, மிவாகோ" என்றது திரை.

சயோ மடியில் ஏறிக்கொண்டு பைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெளிர் ஊதாவில், மூடியில் வெள்ளி நூலால் நட்சத்திரம் தைத்த ஒன்று. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அருகில் எங்கே பார்க்கலாம் என்று ஊரின் அஞ்சல் எண்ணையும் போட்டாள் மிவாகோ. பக்கத்து நகரம் யோனாகோவில், மாதக் கடைசி சனி ஞாயிறில் கண்காட்சி என்று வந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், "அம்மா, என் பையைக் காட்டு" என்பாள் சயோ. காட்டாமலே விளம்பரமாக வந்தது. மழை வருமா என்று பார்த்தால் அங்கே அந்தப் பை. கத்தரிக்காய் வதக்கும் முறை தேடினால் அதற்குக் கீழே அந்தப் பை.

"என் பை நம்ம கூடவே வருதும்மா!" என்று குதித்தாள் சயோ.

மிவாகோவுக்கும் அது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை ரயிலேறிப் போனார்கள். மண்டபம் முழுக்கத் தோல் வாசனை. தாத்தாமார்கள் பேத்திகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சயோ வேறு எதையும் பார்க்கவில்லை. நேராக ஊதாப் பையிடம் ஓடினாள். வெள்ளைக் கையுறை போட்ட பணிப்பெண் ஒருத்தி குனிந்து மாட்டிவிட்டாள்.

"சயோ, அம்மா பக்கம் திரும்பு."

பணிப்பெண் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சயோக்குட்டின்னா இவங்கதானா? அப்பா சொன்ன மாதிரியே இருக்காங்க!"

மிவாகோ ஓரடி முன்னால் வந்தாள். "எந்த அப்பா?"

"காலையில கதவு திறக்கும்போதே வந்துட்டாரும்மா. ரொம்ப தூரத்துல வேலையாம். வீட்டு டேப்லெட்ல தினமும் இதே பை வந்துச்சாம், கீழ இந்தக் கண்காட்சித் தேதியோட, ஊர்ப் பேரோட. மகளுக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னு புரிஞ்சு போச்சாம். எங்ககிட்டயும் காட்டினாரு. பாசமான மனுஷன். நீங்க வந்தா ஒரு போன் பண்ணச் சொல்லி, எதிர்க்கடையில காபி குடிக்கப் போனாரு."

"போன்..."

"இவங்க நேரா இந்தப் பைகிட்ட ஓடி வந்ததுமே, கல்லாவுல நிக்கிற அந்தப் பொண்ணு பண்ணிட்டா. வந்துட்டே இருக்காரு. ஆச்சரியமா இருக்கட்டும்னாரு, நான் உளறிட்டேன்."

டேப்லெட். சயோ பொம்மைப்படம் பார்த்த டேப்லெட். சமையலறை மேசையில் விட்டுவிட்டு வந்தது. அதே அட்டை, அதே பெயர் அதற்குள்ளும் இருந்தது. இங்கே சயோ எதைத் தொட்டாளோ அதெல்லாம் அங்கே அவன் கண்முன் வந்து நின்றிருக்கிறது. நகராட்சி பூட்டிய முகவரியை அவள் கையாலேயே எழுதி அவன் மேசையில் வைத்திருக்கிறாள்.

பையைப் பிடித்து இழுத்தாள். வார் சயோவின் முழங்கையில் சிக்கியது. பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, பிள்ளையை வாரிக்கொண்டு பின்படியில் இறங்கினாள். மேலே மண்டபத்தில் அவன் குரல் கேட்டது. கோபக் குரல் இல்லை. தெருவுக்கென்று வைத்திருந்த அந்த நல்ல குரல். "சயோ! அப்பா வந்திருக்கேன் பாரு!"

தாயின் கழுத்தில் சயோவின் விரல்கள் இறுகின.

கிடைத்த பேருந்தில் ஏறினார்கள். வெகுதூரம் போன பிறகு சயோ கேட்டாள்: "அப்பாகிட்ட யாரு சொன்னாங்க?"

"போன் சொல்லிடுச்சு."

"நான் அந்தப் பை பிடிக்கும்னு சொன்னேனே, அதனாலயா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். மிவாகோ பின்கண்ணாடி வழியாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று அவள் சொல்லத் திரும்பியபோது பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டுவிட்டது.

தப்பி வந்த பெண்களுக்கான ஆதரவு மையத்தில் இருந்த பெண் அவர்களை வாடகை அறைக்குத் திரும்பவே விடவில்லை. "அந்த அட்டையை இனிமே தொடாதீங்க. ஊரையும் மாத்திடணும். வேலை செஞ்ச இடத்துல யாருக்கும் சொல்லக் கூடாது." தொமியே இரவல் கொடுத்த குடை அந்த அறையின் கதவோரம் சாய்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை பக்கத்து மேசை காலியாக இருந்ததைப் பார்த்து அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று மிவாகோ பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

வேறு ஊர். இங்கே கடல் இல்லை, பனி உண்டு. மிவாகோவுக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை. மார்ச் மாதம் பள்ளிக்கூடத்தில் பழைய பைகள் இருக்கின்றன என்று கூப்பிட்டார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் படித்து முடித்து விட்டுப்போனவை. ஆசிரியை அலமாரியைத் திறந்தாள். சிவப்பு, பழுப்பு, கறுப்பு. கடைக்கோடியில், மூலை தேய்ந்த ஒரு வெளிர் ஊதா.

மிவாகோ அதைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"எது பிடிச்சிருக்கு சயோக்குட்டி? எதை வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றாள் ஆசிரியை.

சயோ தாயின் காதருகே எட்டினாள். "போன் கொண்டு வந்திருக்கியாம்மா?"

"அணைச்சு வச்சிருக்கேன். நீ சொல்லு கண்ணு, ஒண்ணும் ஆகாது."

சயோ அலமாரியின் கடைக்கோடிக்குக் கண்ணைக்கூடக் கொண்டு போகவில்லை. கைக்கு எட்டிய கறுப்புப் பையை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள்.

"அட, பொருத்தமா இருக்கே! கறுப்புன்னா ரொம்பப் பிடிக்குமா?"

"தெரியாது" என்றாள் சயோ.